முன்னிலையில் இருந்தே தோற்கும் கல்லூரிக் கூடைப்பந்து அணி: அடுத்த பருவத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பாளை மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணியில் ஆடுகிறேன். வரும் ஜூனில் தொடங்கும் பருவத்துக்கு என்னையே அணித்தலைவனாக வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் உடற்கல்வி இயக்குநர் நினைக்கிறார். அதற்கு முன், முடிந்துபோன பருவத்தில் எங்களுக்கு எது கைகொடுக்கவில்லை என்பதை விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் முதல் சுற்றுகளைச் சிரமமில்லாமல் கடந்தோம். அரையிறுதியில் குமரி மாவட்டக் கல்லூரி ஒன்றை எதிர்கொண்டபோது இடைவேளை வரை நாங்களே முன்னிலையில் இருந்தோம். மூன்றாவது குவாட்டரில் அவர்கள் மைதானம் முழுவதும் பிரஸ் போட்டு, அதாவது எங்கள் பக்கத்திலேயே வந்து நெருக்கித் தடுத்து, ஆடத் தொடங்கியதும் பந்தை எட்டு வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகவே திணறினோம். நான்காவது குவாட்டரில் எங்கள் சென்டர் ஐந்தாவது ஃபவுலோடு வெளியே வந்தார்; அதன் பிறகு ரிங்குக்கு அடியில் எங்களுக்கு ஆளே இல்லை. பின்னர் தூத்துக்குடியிலும் கோவில்பட்டியிலும் ஆடிய அழைப்புப் போட்டிகளிலும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் எல்லாம் நடந்தது.

அணிக்குள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: நமக்கு உயரம் போதாது. எதிரணியில் விளையாட்டு விடுதியில் இருந்து வந்த, ஆறடி மூன்று அங்குலம் இருக்கும் ஆட்டக்காரர்கள் இருவர் இருந்தார்கள். எங்களில் மிக உயரமானவரே ஆறடிதான். நாங்கள் வழக்கமாக 2-3 சோன் தடுப்பாட்டம் ஆடுகிறோம்; முன்னால் இருவர், ரிங் பக்கம் மூவர் என்று ஆளைத் தொடராமல் இடத்தைக் காப்போம்.

பயிற்சி மாலை நான்கரைக்குத் தொடங்கும். முதலில் ஓட்டம், பிறகு லே-அப், பிறகு ஷூட்டிங், கடைசியாகப் பக்கத்துக்கு ஐவராகப் பிரிந்து ஆட்டம். ஆனால் முக்கூடல், சேரன்மகாதேவி, நாங்குநேரிப் பக்கத்தில் இருந்து வருபவர்கள் பேருந்தைப் பிடிக்க ஆறு மணிக்குள் கிளம்பிவிடுவதால், அந்த ஆட்டம் பல நாள் பத்துப் பேர் சேராமலேயே முடிந்துவிடும். மைதானம் திறந்தவெளி சிமெண்ட் தளம். முதல் ஐவரில் மூவர் இந்த ஆண்டோடு படிப்பை முடித்துப் போகிறார்கள்.

உயரமில்லாத அணி இதே சோனைத் தொடரலாமா, ஆளுக்கு ஆள் ஒட்டி நின்று தடுக்கும் மேன்-டு-மேனுக்கு மாற வேண்டுமா, ஆண்டு முழுவதும் பயிற்சியை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று பெரியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.


பதில்: அம்பை வாத்தியார்

தம்பிக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் பள்ளி உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் விவரத்தைப் படித்தவுடன் தோன்றியதை முதலில் சொல்லிவிடுகிறேன்: உயரம் காரணம் அன்று. எதிரணியின் ஆறடி மூன்று அங்குலப் பையன்கள் முதல் பாதியிலும் அதே உயரத்தில்தான் நின்றார்கள். அப்போது நீங்கள் முன்னிலையில் இருந்தீர்கள். இடைவேளைக்குப் பிறகு அவர்கள் வளர்ந்துவிடவில்லை. மாறியது உங்கள் கால்கள். தோற்ற அணிக்கு உயரம் ஒரு வசதியான பதில். அதை யாரும் பயிற்சியால் மாற்ற முடியாது என்பதால், அதைச் சொன்ன பிறகு யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை.

நீங்கள் சொன்னவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஆறு மணிப் பேருந்துதான். உங்கள் பயிற்சி எந்த வரிசையில் நடக்கிறது என்று பாருங்கள். ஆட்கள் நிறைவாகவும் உடம்பில் தெம்போடும் இருக்கும் முதல் ஒரு மணி நேரத்தைத் தனியாளாகச் செய்யக்கூடிய வேலைகளுக்குக் கொடுக்கிறீர்கள்; பத்துப் பேர் சேர்ந்தால்தான் நடக்கும் வேலையை ஆட்கள் கலையும் நேரத்துக்கு ஒதுக்குகிறீர்கள். ஆகவே களைத்த கால்களோடு, முழு அணியாக, எதிரே ஐந்து பேரை வைத்துக்கொண்டு நீங்கள் பயிற்சியில் ஆடியதே இல்லை என்று ஆகிறது. மூன்றாவது, நான்காவது குவாட்டர் என்பது அதுதானே! வரிசையைத் தலைகீழாக்குங்கள். உடம்பைச் சூடுபடுத்தியவுடன் நேராக ஐவர் ஆட்டத்துக்குப் போங்கள். பேருந்துக்காரர்கள் கிளம்பிய பிறகு விடுதி மாணவர்கள் ஷூட்டிங் செய்துகொள்ளட்டும். பேருந்தில் போகிறவர்கள் தங்கள் ஷூட்டிங்கைக் காலையில் வகுப்புக்கு முன் முடித்துக்கொள்ளலாம்.

பிரஸ்ஸைப் பற்றி. எட்டு வினாடி என்பது குறைந்த நேரம் இல்லை. பந்தைத் தட்டிக்கொண்டே போகலாம் என்று நினைப்பவனுக்குத்தான் அது குறைவு. நாற்பது நிமிடமும் ஒரே பாயிண்ட் கார்டு பந்தைக் கொண்டுபோகும் அணியை எதிரணிப் பயிற்றுநர் முதல் பத்து நிமிடத்திலேயே கண்டுகொள்வார். இடைவேளைக்குப் பிறகு இருவரை அவன் மேல் ஏவுவார். நீங்கள் செய்ய வேண்டியது, பந்தைக் கொண்டுபோகத் தெரிந்த இரண்டாவது ஆளை உருவாக்குவது. மூன்றாவது ஆள் நடுவட்டத்தின் அருகே, பந்து வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். எல்லைக்கோட்டின் மூலையில் நின்று பந்தை வாங்கக் கூடாது. அங்கே கோடே உங்களுக்கு எதிரியின் இன்னொரு தடுப்பாட்டக்காரன். பந்து கைக்கு வந்ததும் தரையில் தட்டும் முன்னர்த் தலையை நிமிர்த்தி முன்னால் பார்க்கும் பழக்கத்தை ஜூன் முதல் நாளிலிருந்து ஏற்படுத்துங்கள். ஐந்து பேருக்கு எதிராக ஏழு பேரை நிறுத்திப் பிரஸ் போடச் சொல்லி ஆடிப் பாருங்கள். அதில் பழகிவிட்டால் ஐந்து பேரின் பிரஸ் சாதாரணமாகிவிடும்.

ஃபவுலும் இதே களைப்பின் பிள்ளைதான். கால் நகராதபோது கை நீளும். ஒரு குவாட்டரில் அணியின் ஃபவுல் நான்கைத் தாண்டியதும், ஐந்தாவதிலிருந்து, ஷாட் எடுக்காதவனைத் தொட்டாலும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் நின்று எறியும் வாய்ப்பு. உங்கள் சென்டர் வெளியேறியதை அவருடைய குறையாகப் பார்க்காதீர்கள். வெளியே நின்று தடுக்க வேண்டிய கார்டுகள் தாண்டவிட்ட ஆட்களை உள்ளே தனியாளாகச் சமாளித்ததால்தான் அவர் ஃபவுல்கள் ஏறியிருக்கும்.

ஃப்ரீ த்ரோவைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, எழுதாததாலேயே கேட்கிறேன். பயிற்சியின் தொடக்கத்தில், மூச்சு சீராக இருக்கும்போது, வரிசையில் நின்று ஆளுக்குப் பத்து போடுவதுதான் நம் கல்லூரிகளில் வழக்கம். ஆட்டத்தில் அப்படியா வருகிறது? மைதானத்தின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு ஓடி, இடிபட்டு விழுந்து, எழுந்து, மூச்சிரைக்க நின்று இரண்டே எறிய வேண்டும். ஆகவே ஐவர் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி, யாராவது ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு எறியச் சொல்லுங்கள். தவறினால் எல்லோரும் ஓட வேண்டும். இருபது ஃப்ரீ த்ரோ கிடைக்கும் ஆட்டத்தில் பாதியைப் போடும் அணிக்குப் பத்துப் புள்ளி. பத்துக்கு ஏழு போடும் அணிக்குப் பதினான்கு. நான்கு புள்ளிக்குள் தோற்ற ஆட்டம் உங்களுக்கு இருக்கிறதா என்று நினைத்துப் பாருங்கள்.

தடுப்பாட்டத்தில் என் கருத்து பழைய கருத்து. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மேன்-டு-மேன் மட்டும் ஆடுங்கள். அது வந்தவனுக்குச் சோன் சில நாட்களில் பிடிபடும்; சோனிலேயே வளர்ந்தவனுக்கு மேன்-டு-மேன் லேசில் வராது.

காலத்தைப் பொறுத்தவரை நம் ஊருக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று திருநெல்வேலிச் சமவெளியை விடுவதில்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது 600 கிராம் பந்து எம்மாத்திரம்! ஜேம்ஸ் நைஸ்மித் 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தை உருவாக்கியதே, பனிக்காலத்தில் மாணவர்கள் கூரைக்கு அடியில் ஆட வேண்டும் என்பதற்காக; நாம் அதை ஆடி மாதத்து வெட்டவெளியில் ஆடுகிறோம். அந்த மாதங்களில் மாலையில் தொலைவிலிருந்து எறிந்து பழகுவது பலன் தராது, கெட்ட பழக்கத்தைத்தான் தரும். காற்றுக்கு ஏற்பக் கையை வளைத்துக்கொள்வீர்கள். காற்று அடங்கியிருக்கும் அதிகாலையில் ஷூட்டிங், மாலையில் தடுப்பாட்டமும் பிரஸ்ஸும் ஃபாஸ்ட் பிரேக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். காற்று கொண்டுவந்து கொட்டும் மணலைப் பயிற்சிக்கு முன் கூட்டித் தள்ளாமல் யாரையும் ஓடவிடாதீர்கள்.


பதில்: மேசையடிப் பிள்ளை

பல போட்டிகளில் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் இரண்டு செய்திகள்.

முதலாவது, தோற்ற ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட் நகல் உங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் இருக்கும். அதை வாங்கிப் படியுங்கள். முறையாக எழுதிய ஷீட்டில் முதல், மூன்றாவது குவாட்டர்கள் சிவப்பு மையிலும், இரண்டாவது, நான்காவது குவாட்டர்கள் நீலம் அல்லது கறுப்பு மையிலும் இருக்கும். எனவே உங்கள் மூன்றாவது குவாட்டரில் என்ன நடந்தது என்பது தனியாகவே கண்ணில் படும். தொடக்க ஐவரின் பெயருக்கு நேரே பெருக்கல் குறியைச் சுற்றி வட்டம் இருக்கும். மாற்றாக இறங்கியவருக்கு வட்டமில்லாத குறி இருக்கும். குறியே இல்லாத பெயர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். பன்னிரண்டு பேரைப் பதிந்துவிட்டு ஆறு பேரோடு நாற்பது நிமிடத்தையும் ஆடி முடிக்கும் அணிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாத்தியார் கேட்ட ஃப்ரீ த்ரோ கணக்கையும் அதிலேயே எடுக்கலாம். தவறிய ஃப்ரீ த்ரோவை அந்த ஷீட்டில் புள்ளிக் கணக்குப் பகுதியில் எழுத மாட்டோம். விழுந்ததற்கு மட்டும் அந்தந்தக் குவாட்டரின் மையில் நிரப்பிய பொட்டு இடுவோம். ஆனால் எதிரணி ஆட்டக்காரர்களின் ஃபவுல் கட்டங்களில் எழுத்துக்கு அருகே சிறிதாக 1, 2, 3 என்று இருப்பது, அந்த ஃபவுலுக்கு உங்களுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோக்களின் எண்ணிக்கை. அவற்றைக் கூட்டி, உங்கள் பக்கத்துப் பொட்டுகளோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் மைதானத்தை அளந்து பாருங்கள். 2010 அக்டோபருக்கு முன் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரில் இருந்தது. அதன் பிறகு 6.75. ரிங்குக்கு முன்னால் இருக்கும் கட்டமும் அதுவரை அடியில் அகன்று மேலே குறுகியிருந்தது, இப்போது 4.9 மீட்டர் அகலமுள்ள நேர்ச் செவ்வகம். நம் பக்கத்துப் பழைய சிமெண்ட் தளங்களில் இன்னும் பழைய கோட்டின் மேலேயே பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அரை மீட்டர் முன்னால் நின்று ஆண்டு முழுவதும் பழகியவன் போட்டியில் பின்னால் நின்று எறியும்போது, அதுவும் களைத்த கால்களோடு எறியும்போது, பந்து ரிங்கின் முன் விளிம்பில் பட்டுத்தான் திரும்பும். ரிங்கின் உயரம் 3.05 மீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பையன்கள் தொங்கித் தொங்கி அது தாழ்ந்துபோயிருக்கும்.


பதில்: முத்துநகர் முன்னாள் கார்டு

வாத்தியார் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். மேன்-டு-மேன் பற்றிய இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். தூத்துக்குடியில் கல்லூரி அணிக்கு ஆடியவன் நான். பகல் பதினொரு மணிக்குச் சிமெண்ட் தளத்தில் ஓர் ஆட்டம், அன்று மாலையே அடுத்த ஆட்டம் என்று வைக்கும் போட்டிகளில், ஏழு பேர் மட்டும் உருப்படியாக உள்ள அணி நாற்பது நிமிடமும் ஆளைத் துரத்தினால் மாலை ஆட்டத்துக்குக் கால் இருக்காது. சோனை விட்டுவிடச் சொல்வதைவிட, சோனில் ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தை, எடுக்கக் கற்பதுதான் இந்த அணிக்கு முதல் தேவை என்பது என் எண்ணம். சோனில் நிற்பவனுக்கு இன்ன ஆள் என்று கிடையாது. ஷாட் போனதும் எல்லோரும் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள், உயரமானவன் பின்னாலிருந்து வந்து எடுத்துவிடுவான். உங்களைத் தோற்கடித்த அந்த ஆறடி மூன்று அங்குலம் இதில்தான் வேலை செய்திருக்கும். ஷாட் கிளம்பியவுடன் அருகில் இருப்பவனைத் தேடி முதுகால் அடைத்துக்கொள்ளப் பழகினால் ஆறடி ஆளே போதும். எதிரணி தன் ஷாட்டைத் தானே ரீபவுண்ட் எடுத்தால் அவர்களுக்கு அடுத்த ஷாட் எடுக்க மறுபடியும் 14 வினாடி கிடைக்கிறது என்பதையும், அந்த 14 வினாடியும் நீங்கள் குனிந்து நின்று தடுத்தாக வேண்டும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். களைப்பின் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பருவம் கல்லூரிக் கோப்பையோடு முடிந்துவிடுகிறது என்று தம்பி எண்ணுவதுபோல் தெரிகிறது. கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் இருந்துதான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள்; அந்த அணி இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குப் போகிறது. அங்கே நம்முடைய பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு ஓர் இயல்பான சிரமம் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றின் அணி ஒரே வளாகத்தில் ஆண்டு முழுவதும் சேர்ந்து ஆடிய அணி. நம் அணியோ நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி என்று பல ஊர்க் கல்லூரிகளில் இருந்து பொறுக்கிச் சேர்த்து, சில நாள் முகாமில் ஒன்றாக்கிய அணி. இது யாருடைய தவறும் அன்று, அமைப்பே அப்படி. ஆனால் அதனாலேயே தேர்வாளர்கள் தனியாக ஆடி முப்பது புள்ளி எடுப்பவனைவிட, புதியவர்களோடு உடனே ஒத்து ஆடத் தெரிந்தவனைத் தேடுகிறார்கள். பிரஸ்ஸை உடைக்கத் தெரிந்த இரண்டாவது கார்டுக்கு அங்கே எப்போதும் இடமுண்டு. உங்கள் அணியில் அந்த இடத்துக்குத் தயாராகும் பையனிடம் இதைச் சொல்லுங்கள். உற்சாகம் தானாக வரும். பல்கலைக்கழக அணிச் சான்றிதழின் மதிப்பை, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போட்ட எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.


பதில்: பாளை மாணவன்

வாத்தியார் ஐயாவுக்கும் அண்ணாச்சிகளுக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை மைதானத்தை அளந்தோம். ரிங்கின் உயரம் சரியாக இருக்கிறது. மூன்று புள்ளிக் கோடு பழைய 6.25 மீட்டரிலேயே இருக்கிறது. கட்டத்தை மட்டும் யாரோ புதிய முறைக்கு மாற்றி வரைந்திருக்கிறார்கள், கோட்டை விட்டுவிட்டார்கள். விடுமுறைக்குள் புதுக்கோடு போடுவதற்கு உடற்கல்வி இயக்குநர் ஒப்புக்கொண்டார்.

அரையிறுதியின் ஸ்கோர் ஷீட்டையும் பார்த்தோம். பன்னிரண்டு பெயர்களில் பாதிக்கு நேரே எந்தக் குறியும் இல்லை. ஃப்ரீ த்ரோவில் எங்களுக்குக் கிடைத்தவற்றில் பாதிக்கும் குறைவாகவே விழுந்திருக்கிறது. மூன்றாவது குவாட்டரில் எங்கள் அணியின் ஃபவுல் கட்டம் முழுவதும் நிரம்பியிருந்தது. அதற்குப் பிறகு எதிரணிக்குச் சிவப்புப் பொட்டுகள் வரிசையாக வருகின்றன. உயரம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் இப்போது அமைதியாகிவிட்டார்கள்.

வாத்தியார் ஐயா சொன்னபடி பயிற்சியின் வரிசையை மாற்றலாம் என்று பேசியிருக்கிறோம். ஆனால் மழைக்காலத்தில் என்ன செய்வது என்பது இன்னும் பிடிபடவில்லை. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை தளம் ஈரமாகவே கிடக்கிறது. நவம்பரில் செமஸ்டர் தேர்வு வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழைக்குப் பிறகு மைதானத்தில் சேறு காயவே நெடுநாள் ஆனது என்று சீனியர்கள் சொல்வார்கள். உள்ளரங்கம் எங்களுக்கு இல்லை. அந்த இடைவெளிக்குப் பிறகு ஜனவரியில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதுபோல் ஆகிவிடுகிறது.


பதில்: நாகர்கோவில் அக்கா

தம்பி, நான் பெண்கள் கல்லூரி அணிக்கு ஆடியவள். இப்போது பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். மழைக்காலத்தை வீணான காலம் என்று எண்ண வேண்டாம். சிமெண்ட் தளத்தில் ஜூனிலிருந்து குதித்துக்கொண்டே இருக்கும் கால்களுக்கு அக்டோபரில் ஓர் இடைவெளி அவசியம். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வரும் வலியைப் பையன்கள் "நடந்தால் சரியாகிவிடும்" என்று மறைத்து ஆடுவார்கள். அது எலும்பில் நுண்விரிசலாக மாறினால் மாதக்கணக்கில் உட்கார வேண்டியதுதான். அந்த இடத்தை விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுரீர் என்று வலிக்கிறது என்று யாராவது சொன்னால் எலும்பு மருத்துவரிடம் காட்டும் வரை ஆடவிடாதீர்கள்.

மழை நாட்களில் கல்லூரி வராந்தாவும் மாடிப்படியும் போதும். ஒற்றைக்காலில் நின்று சமநிலை, குதிகாலைத் தூக்கி இறக்குதல், ஒற்றைக்கால் குந்தல், குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடியாமல் நிற்பது ஆகியவற்றைச் சுவரோரமாகச் செய்யலாம். கணுக்கால் சுளுக்கு ஒருமுறை வந்தவனுக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவனுக்குச் சமநிலைப் பயிற்சி கட்டாயம் என்று வையுங்கள். பந்தையும் விட்டுவிட வேண்டாம். வராந்தாவில் இரண்டு கையாலும் இரண்டு பந்து தட்டிப் பழகினால், பிரஸ்ஸை உடைக்க வேண்டிய உங்கள் இரண்டாவது கார்டு அங்கேதான் உருவாவான்.

வருகைப்பதிவை இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள். 75 விழுக்காட்டுக்குக் கீழே போன பிறகு ஓ.டி. கடிதத்தோடு (போட்டிக்குப் போன நாளை வருகையாகக் கணக்கிடக் கேட்கும் கடிதம்) துறைத்தலைவர் அறைவாசலில் நிற்பது நல்ல ஆட்டக்காரர்களையே பாதியில் விலகவைக்கிறது. ஒவ்வொரு போட்டிக்கும் கடிதத்தை அந்த வாரத்திலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.


பதில்: மேசையடிப் பிள்ளை

தம்பி சொன்ன ஆட்குறைவுக்கு ஒரு வழி உண்டு. ஆறேழு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் மூவர் ஆட்டம் ஆடுங்கள். ஒரே ரிங், அரை மைதானம், 12 வினாடிக்குள் ஷாட், பத்து நிமிடம் அல்லது முதலில் 21 புள்ளி. டோக்கியோவில் ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். ஐவர் ஆட்டத்தில் மறைந்து நிற்பவன் மூவர் ஆட்டத்தில் மறைய முடியாது. எல்லோரும் பந்தைக் கையாள வேண்டும், எல்லோரும் தடுக்க வேண்டும். தளத்தில் பாதி மட்டும் காய்ந்திருக்கும் நாளுக்கும் இது பொருந்தும்.

கடைசி இரண்டு நிமிடத்தையும் பயிற்சியில் தனியாக ஆடிப் பாருங்கள். நான்காவது குவாட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் கூடை விழுந்தாலும் கடிகாரம் நிற்கும். இரண்டாம் பாதிக்கு மூன்று டைம் அவுட் உண்டு, ஆனால் கடைசி இரண்டு நிமிடத்தில் அதிகபட்சம் இரண்டுதான் எடுக்க முடியும். மூன்றையும் சேமித்து வைத்த அணிகள் ஒன்றை இழந்துவிட்டு மேசையிடம் வந்து சண்டை போடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்றாவது குவாட்டரில் பிரஸ் தொடங்கியவுடன் ஒன்றை எடுத்திருந்தால் அது வீணாகியிருக்காது.


பதில்: அம்பை வாத்தியார்

தூத்துக்குடித் தம்பி சொன்ன ரீபவுண்ட் விளக்கம் சரியானது. பகல் ஆட்டம், மாலை ஆட்டம் என்று வரும் போட்டிகளில் சோன் தேவைப்படும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனாலும் ஜூன், ஜூலைக்கு நான் சொன்னதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அருகில் இருப்பவனை முதுகால் அடைக்கும் பழக்கமே, எனக்கு இன்ன ஆள் என்ற பொறுப்போடு ஆடியவனுக்குத்தான் எளிதில் வரும். ஆகஸ்ட்டில் சோனுக்கு மாறிக்கொள்ளுங்கள். பிரஸ் போடும் எதிரணிக்கு நீங்களும் ஓரிரு முறை பிரஸ் போட்டுக் காட்டலாம்.

முக்கியமான வேலை அந்தக் குறியில்லாத பெயர்கள். முதல் ஐவரில் மூவர் போகிறார்கள் என்றீர்கள். அப்படியென்றால் அடுத்த பருவத்தின் அணி இப்போது பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. அவர்களை ஒரு நிமிடம்கூட இறக்காமல் இந்தப் பருவத்தை முடித்திருக்கிறீர்கள். மீதமிருக்கும் அழைப்புப் போட்டிகளில் இரண்டாவது குவாட்டர் முழுவதையும் அவர்களிடம் கொடுத்துவிடும்படி உங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் கேளுங்கள். ஆட்டம் தோற்றாலும் பரவாயில்லை. இறுதியாண்டு மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். அணித்தலைவனாகப் போகிறவன் அவர்களிடம் நேரில் பேசிவிடுவது நல்லது. கல்லூரி முடிந்த பிறகும் பாளையிலேயே இருக்கப் போகும் சீனியர்கள் யாராவது இருந்தால், மாலை ஐவர் ஆட்டத்துக்கு எதிரணியாக வரச் சொல்லுங்கள். அவர்கள் பிரஸ் போடட்டும்.

மே மாதத்தில் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு அணியாக ஒருநாள் போய்ப் பாருங்கள். இரவு ஆட்டங்கள் நடக்கும். பந்து வைத்திருப்பவனை விட்டுவிட்டு, பந்து இல்லாத நால்வர் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். குறிப்பாகத் தங்கள் மேல் பிரஸ் விழும்போது நடுவட்டத்துக்கு யார், எப்போது வருகிறார் என்று.

தூத்துக்குடி, கோவில்பட்டி ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டும் கிடைத்தால் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே படமாகப் போடுங்கள். மூன்றிலும் உங்கள் பாயிண்ட் கார்டுக்கு எந்தக் குவாட்டரில் ஃபவுல் விழத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.